நீர் உருக்கும் பாறை: பினாட்டுபோ எரிமலையின் வேதியியல்

பிலிப்பைன்ஸ் நாட்டின் லூசோன் தீவிலுள்ள பினாட்டுபோ எரிமலை, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உறங்கிய பின், 1991 ஜூன் 15 அன்று பெரும் வெடிப்பாக வெடித்தது. சுமார் 5 கன கிலோமீட்டர் கற்குழம்பு சில மணி நேரத்தில் வெளியேறியது; சாம்பலும் வாயுவும் 35 கிலோமீட்டர் உயரம் வரை எழுந்தன; மலையுச்சி உள்ளே சரிந்து 2.5 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளமாயிற்று. வெளியேறிய உருகலில் எடையளவில் ஏறத்தாழ 6 விழுக்காடு நீர் கரைந்திருந்தது. பாறை உருகியதிலும் பிறகு அது வெடித்ததிலும் முதன்மைப் பங்கு நீருக்கே என்பதால், சாம்பலும் லாவாவும் அடுக்கடுக்காகப் படிந்து உயரும் இத்தகைய அடுக்கு எரிமலைகளின் வேதியியலை அந்த நீரின் தடம் பற்றியே விளக்க முயல்கிறேன்.

லூசோனுக்கு மேற்கே மணிலா அகழி என்ற கடலடிப் பள்ளம் இருக்கிறது. தென் சீனக் கடலின் தரை அங்கே வளைந்து, கிழக்கு நோக்கித் தீவின் அடியில் அமிழ்கிறது. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடல்நீரில் ஊறிக் கிடந்த அந்தக் கடல்தரைப் பாறைத் தட்டில், களிமண் கனிமங்களும் ஆம்பிபோலும் செர்பென்டைனும் நீரைத் தம் படிகக் கட்டமைப்புக்குள்ளேயே பிடித்து வைத்திருக்கின்றன. தட்டு இறங்க இறங்க அழுத்தமும் வெப்பமும் கூடி, இக்கனிமங்கள் நிலைகுலைந்து நீரற்ற கனிமங்களாக மாறும்போது, நீர் விடுபட்டு மேலே உள்ள கவசப் பாறைக்குள், அதாவது பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்குக்குள் (மேன்டில்), புகுகிறது. உலகின் பல பகுதிகளில், அமிழும் தட்டு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தை எட்டும் இடத்துக்கு மேலேதான் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன.

குளிர்ந்த கடல்தரை உள்ளே நுழைந்தால் கவசம் குளிரத்தானே வேண்டும், அங்கே பாறை உருகுவது எப்படி என்ற கேள்வி நியாயமானது. கவசம் என்பது உருகிய குழம்பு அன்று. அது மிகப் பெரும்பாலும் திண்மப் பாறை. 100 கிலோமீட்டர் ஆழத்து அழுத்தத்தில், உலர்ந்த கவசப் பாறை உருகத் தொடங்க 1,400 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பம் வேண்டும். அங்கு நிலவும் வெப்பமோ அதைவிடக் குறைவு. நீர் வந்து சேர்ந்ததும் சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்களுக்கிடையிலான பிணைப்புகள் அறுபட வழி பிறந்து, உருகத் தேவையான வெப்பநிலை 1,000 டிகிரி அளவுக்கோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடுகிறது. ஆகவே பாறை மேலும் சூடாகாமலேயே அதன் ஒரு பகுதி உருகுகிறது. வெப்பத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக உருகும் வரம்பைத் தாழ்த்துவதே இயற்கை இங்கே கையாளும் வழி.

இதற்கான தடயங்கள் எரிமலைப் பாறையிலேயே உள்ளன. பேரியம், ஸ்ட்ரான்சியம், ஈயம், போரான் போன்றவை தட்டிலிருந்து கிளம்பும் சூடான நீர்மத்தில் எளிதில் கரைந்து மேலே போகும். நியோபியமும் டாண்டலமும் கரையாமல் தட்டிலேயே தங்கிவிடும். இப்படித் தட்டு அமிழும் இடங்களிலுள்ள எரிமலைகளின் பாறைகளில் முன்னவை மிகுந்தும் பின்னவை குறைந்தும் காணப்படுவது இதனால்தான். இதைவிடவும் உறுதியான சான்று பெரிலியம்-10. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உருவாக்கும் இந்த ஐசோடோப்பு, மழையோடு இறங்கிக் கடலடி வண்டலில் படிகிறது. இதன் அரை ஆயுள் ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகளே என்பதால், பூமியின் ஆழத்தில் பழைய இருப்பு எதுவும் மிஞ்சியிருக்க இயலாது. ஆயினும் நிகரகுவா எரிமலைகளின் லாவாவில் அது கணிசமாகக் கிடைத்தது. கடல்தரையில் படிந்த வண்டல், தட்டோடு அமிழ்ந்து, நீர்மத்திலும் உருகலிலும் கலந்து, சில பத்து லட்சம் ஆண்டுகளில் எரிமலை வழியாகத் திரும்பி வந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

கவசத்தில் முதலில் பிறக்கும் உருகல் பசால்ட். அதில் சிலிகா (சிலிக்கான் டை ஆக்சைடு) 50 விழுக்காடு அளவே இருக்கும். பினாட்டுபோ கக்கிய டாசைட் பாறையிலோ அது 64 விழுக்காட்டுக்கும் மேல். உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது முதலில் ஜிப்சமும் பிறகு சாப்பாட்டு உப்பும் படிய, மிஞ்சும் நீரில் மெக்னீசிய உப்புகள் செறிந்து கசப்பேறுவதைப் போல, குளிரும் கற்குழம்பிலும் கனிமங்கள் ஒரு வரிசையில் பிரிகின்றன. சிலிகா குறைந்த ஆலிவின், பைராக்சீன், ஆம்பிபோல், இரும்பு ஆக்சைடுகள் ஆகியவை முந்திப் படிகமாவதால், மிஞ்சும் உருகல் ஆண்டிசைட்டாகவும் பிறகு டாசைட்டாகவும் மாறுகிறது. வழியில் மேலோட்டுப் பாறையும் உருகிக் கலப்பதுண்டு. தடித்த மேலோட்டைக் கொண்ட ஆண்டீஸ் மலைத்தொடரின் நடுப்பகுதியில் இது அதிகம்.

பினாட்டுபோவின் அடியில், சுமார் 7 கிலோமீட்டரும் அதற்குக் கீழுமான ஆழத்தில், இப்படி உருவான டாசைட் 780 டிகிரி வெப்பத்தில் பாதியளவு படிகமாகி அசைவற்றுக் கிடந்தது. 1991 மே மாத இறுதியில், ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஆழத்தில் எழுந்த மெதுவான அதிர்வுகளை நிலநடுக்கமானிகள் பதிவு செய்தன. ஜூன் 7 அன்று உச்சியருகே பிதுங்கிய லாவாக் குவிமாடம் டாசைட்டாக இல்லை. டாசைட்டும் புதிய பசால்ட்டும் கலந்த ஆண்டிசைட் அது, அதனுள் பசால்ட் துண்டுகளும் பொதிந்திருந்தன. ஆழத்திலிருந்து வந்த சூடான பசால்ட் அந்தக் கிடங்குக்குள் பாய்ந்து அதைக் கிளறிவிட்டது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் இதைக் கொண்டே வந்தனர்.

கற்குழம்பு மேலேற அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீரால் கரைந்திருக்க இயலாது. சிலிகா மிகுந்த உருகலில் சிலிக்கானும் ஆக்சிஜனும் நீண்ட வலைகளாகப் பின்னிக்கொள்வதால் பாகுத்தன்மை மிக அதிகம். பிரியும் நீராவிக் குமிழிகள் தப்ப வழியின்றி விரிந்து, உருகலையே நுரையாக்கிச் சிதறடிக்கின்றன. பினாட்டுபோவைச் சுற்றிக் குவிந்த நுரைக்கல், உறைந்துபோன அந்த நுரையே.

வெடிப்புக்குப் பின் எழுந்த புதிர் கந்தகத்தைப் பற்றியது. செயற்கைக்கோள் அளவீடுகளின்படி 1.5 முதல் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடு வளிமண்டலத்தில் சேர்ந்தது. படிகங்களுக்குள் சிறைப்பட்ட நுண்ணிய கண்ணாடித் துளிகள் வெடிப்புக்கு முந்தைய உருகலின் மாதிரிகள். அவற்றில் இருந்த கந்தகம் பத்து லட்சத்தில் நூறு பங்கைக்கூட எட்டவில்லை. அதை வைத்துக் கணக்கிட்டால், வெளிவந்த கந்தகத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆழத்திலேயே கற்குழம்பில் நீராவிக் குமிழிகள் ஏற்கெனவே பிரிந்திருந்தன, கந்தகத்தின் பெரும்பகுதி அவற்றுக்குள் சேர்ந்திருந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

புதிய நுரைக்கல்லின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அன்ஹைட்ரைட் படிகங்களையும் கண்டனர். கால்சியம் சல்பேட்டாலான இக்கனிமம் கற்குழம்பிலிருந்தே படிகமாவதற்கு, அங்கே கந்தகம் மிகுதியாகவும் ஆக்சிஜனேற்றம் அடைந்தும் இருக்க வேண்டும். மெக்சிகோவின் எல் சிச்சோன் 1982இல் வெடித்தபோதும் இது கிடைத்தது. ஆனால் மழைநீர் இதை விரைவில் கரைத்துவிடும். உடனே திரட்டப்பட்ட மாதிரிகளில்தான் காண முடியும். இதனால், பழைய வெடிப்புகள் வெளியிட்ட கந்தகத்தைப் பாறையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் கணக்கு பெரிதும் குறைவாகவே வர வாய்ப்புண்டு. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் உமிழ்ந்த கந்தகத்தை அளக்க, கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனிப்படுகைகளில் ஆண்டடுக்குகளாகப் படிந்த சல்பேட்டையும் ஆய்வாளர்கள் சேர்த்து அளப்பது இதனால்தான்.