பீலிப் பாசியில ஒரு சொட்டு அயடீன்

உயர்தரத்துக்கு உயிரியல் படிச்சுக்குடுக்குறேன், விடைத்தாள் திருத்துறப்போ திரும்பத் திரும்ப வர்ற வரி "தாவரத்துல மாப்பொருள், விலங்குல கிளைக்கோஜன்". மார்க்ஸ் கிடைச்சிரும். ஆனா பிள்ளைங்க ரெண்டும் சம்பந்தமே இல்லாத சாமான்னு நெனச்சுட்டுப் போயிர்றாங்க, அதுதான் எனக்குக் கவலை. ரெண்டுமே குளுக்கோஸ் கோர்த்த சங்கிலிதான், பிணைப்பும் அதே ரெண்டு வகைதான். எந்த நொதியம் (என்சைம்) எங்க கிளை போடுது, எது அதை வெட்டுது, அதுல இருக்கு எல்லாம்.

இதைப் பாக்க பெரிய லேப் வேணாம். லயத்துப் பீலிக்குக் கீழ கான்ல வழவழன்னு பச்சை நூலாட்டம் கிடக்குமே, அதுல அனேகமா ஸ்பைரோகைரா இருக்கும். கொஞ்சம் எடுத்து சிலைட்ல வச்சு, உருளைக்கிழங்குக்கு விடுற அதே அயடீனை ஒரு சொட்டு விட்டு நுணுக்குக்காட்டியில பாருங்க, சுருண்டு போற பச்சையவுருமணி (குளோரோபிளாஸ்ட்) நாடாவுல வரிசையா கருநீலப் புள்ளி தெரியும். பச்சையவுருமணிக்குள்ள இருக்கிற பைரனொயிட்ங்கிற புரத உருண்டையைச் சுத்திப் படிஞ்ச மாப்பொருள் அது. பக்கத்துலயே கருமையா படை மாதிரி ஒட்டியிருக்கிற சயனோபற்றீரியாவுக்கு (ஒளித்தொகுப்பு செய்யிற பற்றீரியா) விட்டா அந்த நீலம் வராது, ஏன்னா அது சேமிக்கிறது கிளைக்கோஜன்.

இத்தனைக்கும் சயனோபற்றீரியாவுக்கும், ஸ்பைரோகைரா மாதிரி பச்சை அல்காவுக்கும் (பாசிக்கும்) ஆரம்பம் ஒண்ணுதான். ஏடிபி(ADP)-குளுக்கோஸ் பைரோபொஸ்பொரிலேஸ்னு ஒரு நொதியம் குளுக்கோஸைத் தயார் பண்ணிக் குடுக்குது, சிந்தேஸ்ங்கிற நொதியம் அதைச் சங்கிலியில சேர்க்குது, கிளையாக்குற நொதியம் அங்கங்க கிளை போடுது. இதோட விட்டா கிடைக்கிறது கிளைக்கோஜன், பிணைப்புல 8-10 வீதம் கிளை, எல்லாப் பக்கமும் சமமா, தண்ணில கரையும். பச்சை அல்காவுல கூடுதலா ஐசோஅமைலேஸ்னு ஒண்ணு வந்து தப்பான இடத்துல முளைச்ச கிளையை எல்லாம் வெட்டி விடுது, தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுற மாதிரி. மிச்சக் கிளைங்க கொத்துக் கொத்தா நிக்குது, சங்கிலிங்க ஒண்ணோட ஒண்ணு முறுக்கிக்கிட்டு நெருக்கமா அடுக்குப்படுது, தண்ணிய வெளிய தள்ளுது, கரையாத மணியா மாறுது. கிளை இப்ப சுமார் 5 வீதம்தான்.

இது ஊகம் இல்ல. பிரான்ஸ்ல லில் பல்கலைக்கழகத்துல ஸ்டீவன் போல் குழு கிளமிடோமோனாஸ்ங்கிற ஒரே கலத்துப் பச்சை அல்காவுல விகாரிகளை, அதாவது மரபணு மாறினதுகளைத் தேடினாங்க, தேடினதும் அயடீன் ஆவியாலதான், கொலனிங்க எந்த நிறமாகுதுன்னு பாத்து. 1996ல வெளியிட்டாங்க: ஐசோஅமைலேஸுக்கான ஸ்டா7 மரபணு கெட்டுப்போன அல்கா மாப்பொருள் மணியைச் செய்யவே இல்ல, அதுக்குப் பதிலா கிளைக்கோஜன் மாதிரி கரையிற பொருளைச் சேர்த்துச்சு. வெட்டுற ஒரு நொதியம் போனதுக்கே இந்த மாற்றம். குளுக்கோஸைத் தயார் பண்ற நொதியத்துக்கான ஸ்டா6 மரபணு கெட்டா முதல் படியே நின்னு மாப்பொருள் இல்லாமலே போயிருது. ஸ்வீட் கோர்ன் சாப்பிட்டிருப்பீங்க, பழைய இனிப்புச் சோள இனங்கள்ல கெட்டிருக்கிறது இதே ஐசோஅமைலேஸ்தான், சூப்பர் ஸ்வீட் வகையில அந்த முதல் படி நொதியம். அல்காவுல படிச்சது சோளத்துலயும் பொருந்துறதைப் பாக்குறப்போ எனக்கு இன்னமும் சந்தோஷமா இருக்கு.

பெத்தவங்க ஒண்ணு கேக்குறாங்க, பச்சைத் தண்ணி எல்லாம் ஒண்ணுதானேன்னு. இல்லைங்க. நுவரெலியா கிரகரி வாவியிலயும் கொத்மலை நீர்த்தேக்கத்துலயும் சயனோபற்றீரியா பெருகினது பதிவாகியிருக்கு, அதுல மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி சிலது ஈரலைத் தாக்குற நச்சு விடும், கொதிக்க வச்சாலும் அந்த நச்சு போகாது. அயடீன் சேமிப்பு எதுன்னுதான் காட்டும், நச்சு இருக்கா இல்லையான்னு காட்டாது, அதனால இந்தச் சோதனையை வச்சு எந்தத் தண்ணியையும் குடிக்காதீங்க. குளத்துலயோ டேங்க்லயோ பச்சைப் பெயின்ட் ஊத்தின மாதிரி படர்ந்திருந்தா பிள்ளைங்களை இறங்க விடாம, ஆடு மாட்டையும் குடிக்க விடாம, பீஎச்ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அறிவிச்சிருங்க.