641 பிளந்த பத்து இலக்க எண்

முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்: 4,294,967,297. இது முதன்மை எண், அதாவது 1 ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண், என்றே பிரெஞ்சுக் கணிதர் பெர்மா 1640 இல் நம்பினார். அவர் நம்பியதில் வியப்பில்லை. 2 இன் வலுவை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டு போய் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 வரும். ஐந்தும் முதன்மை எண்கள். அடுத்த வலு 32. 1732 இல், இருபத்தைந்து வயது சுவிஸ் கணிதர் ஒயிலர் அந்த எண்ணை 641 ஆல் மீதியின்றி வகுத்துவிட்டார். ஈவு 6,700,417.

இதைச் சரிபார்க்கக் கணிப்பான் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் எந்தப் பிள்ளையும் கொப்பியில் நாலு வரியில் எழுதிவிடலாம். 641 ஐ இரண்டு விதமாக எழுத வேண்டும், அவ்வளவுதான்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் வரியின்படி, 5 × 2⁷ என்பது 641 ஐவிட ஒன்று குறைவு; ஆகவே 641 ஆல் வகுத்து வரும் மீதியைப் பொறுத்தவரை அது −1 க்கு ஈடு. இரண்டையும் நாலாம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பது 1 க்கு ஈடாகும். இரண்டாம் வரி 5⁴ இன் இடத்தில் −2⁴ ஐ வைக்க அனுமதிக்கிறது. வைத்தால் −2³² என்பது 1 க்கு ஈடு. அதாவது 2³² + 1 ஐ 641 மீதியின்றி வகுக்கும். எண்கணிதத்தில் இதைவிட அழகான நாலு வரிகளை நான் அதிகம் கண்டதில்லை.

கொக்குவிலில் ஒரு மாலை வகுப்பில் இதை எழுதி முடித்ததும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், ஒயிலர் 641 ஐ எப்படிப் பிடித்தார்? ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாரா?” கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

நமது எண்ணுக்கு ஒரு முதன்மைக் காரணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் வகுத்தால் 2³² இன் மீதி −1, ஆகவே 2⁶⁴ இன் மீதி 1. அதற்கு முன் 2 இன் எந்த வலுவும் மீதி 1 ஐத் தராது. காரணியில் ஒன்றைக் கழித்து, அந்த அளவு வலுவுக்கு 2 ஐ உயர்த்தினாலும் மீதி 1 தான் வரும். இது பெர்மாவின் சொந்தத் தேற்றம். ஆகவே காரணியிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 64 இன் மடங்காக இருந்தே ஆகவேண்டும். பெர்மாவின் கூற்றை வீழ்த்தும் கருவி பெர்மாவின் கையிலேயே இருந்தது!

64 இன் மடங்குடன் ஒன்றைக் கூட்டி வரும் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை. 1878 இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா அந்த 64 ஐ 128 ஆக்கலாம் என்று காட்டினார். அப்போது மிஞ்சுபவை 257, 641 என்று போகும். 3, 5, 17, 257 என்று போகும் இந்த வரிசையின் எண்களைப் பெர்மா எண்கள் என்பார்கள்; அவற்றில் எந்த இரண்டுக்கும் 1 ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. 257 தானே ஒரு பெர்மா எண் என்பதால் அதையும் விட்டுவிடலாம். முதல் முயற்சியே 641.

65,537 க்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு முதன்மை எண் இதுவரை அகப்படவில்லை. இதே வரிசையில் 2 இன் 1,048,576 ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டி வரும் எண் முதன்மை எண் அல்ல என்பது நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் அதன் காரணி ஒன்றைக்கூட இன்னும் ஒருவரும் கண்டதில்லை.