மரபணு வேறுபாடு: சொல் விளக்கம்

குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயைப் பற்றிய தமிழ்ச் செய்திகளில் ‘மரபணு மாறுபாடு’, ‘மரபணு மாற்றம்’, ‘மரபணுப் பிறழ்வு’, ‘மரபணுக் கோளாறு’ ஆகிய தொடர்கள் ஒன்றுக்கு மற்றொன்றாகக் கலந்து வழங்குகின்றன. புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குப் பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், பாகூர்ப் பக்கங்களிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர், ‘மரபணு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே “எங்க குடும்பத்துல யாருக்கும் இந்த வியாதி இல்லையே” என்று திகைப்பதும், “சொந்தத்துல கட்டிக்கிட்டதால வந்துதா?” என்று தாழ்ந்த குரலில் கேட்பதும் இயல்பு. நோய் தந்த துயரத்தின் மேல் இந்தச் சொல் ஒரு குற்ற உணர்வையும் ஏற்றிவிடுகிறது. ஆகவே இச்சொற்களைப் பிரித்து அறிவது அவசியம்.

‘மரபு’ என்பது வழிவழியாக வந்து நிலைத்தது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலான மரபியல், விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர்கள் முதலானவற்றை முன்னோர் வழங்கிய முறைப்படி தொகுத்துச் சொல்கிறது. அதே பெயரை இன்று பாரம்பரியத்தை ஆராயும் அறிவியலுக்குச் சூட்டியிருக்கிறோம். டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் யோகான்சன் 1909இல் ‘ஜீன்’ என்ற சொல்லை ஆக்கியபோது பிறப்பைக் குறிக்கும் கிரேக்க வேரை எடுத்துக்கொண்டார்; தமிழில் மரபோடு அணுவைச் சேர்த்து ‘மரபணு’ என்றோம். நல்ல ஆக்கம்தான். ஆனால் மரபணுத் தொகுதியின் படி ஒன்று உடலின் ஏறக்குறைய எல்லா உயிரணுக்களிலும் இருப்பதால், எலும்பு மச்சையில் பிரிந்து பெருகும் ஒரே ஓர் உயிரணுவில் மட்டும் அது பழுதுபடக்கூடும். அந்தப் பழுது தாய் தந்தையிடமிருந்து வந்ததன்று. பிள்ளையின் பிள்ளைக்குப் போவதுமன்று. மரபணுவில் நேர்ந்திருந்தும் அதில் மரபு இல்லை.

குழந்தைப் பருவப் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது கடும் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. லுக்கேமியா என்ற பெயரை 1847இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ வழங்கினார். வெண்மை, குருதி என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. ‘வெண்குருதிப் புற்று’ என்பது நேரான தமிழ். இரண்டு முதல் ஐந்து வயது வரையில் அதிகமாகத் தோன்றும் இந்த நோயில், மச்சையின் உயிரணு ஒன்றில் நேர்ந்த பழுதுகளே அதைக் கட்டுக்கடங்காமல் பெருகச் செய்கின்றன. இவற்றுக்குப் ‘பிறழ்வு’ என்ற சொல் பொருந்தும். பிறழ்தல் என்றால் முறை தவறுதல். இங்கே உண்மையில் முறை தவறியிருக்கிறது. ‘உடலணுப் பிறழ்வு’ என்று அடைகொடுத்துச் சொன்னால், அது குடும்பத்தைப் பற்றிய பேச்சன்று என்பதும் விளங்கிவிடும்.

பிறழ்விலிருந்து பிரித்தறிய வேண்டிய மற்றொன்று, பெற்றோரிடமிருந்து பெற்று, எல்லா உயிரணுக்களிலும் இருப்பது. மனித மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி வேதியெழுத்துகள் உள்ளன; எந்த இருவரை ஒப்பிட்டாலும் சராசரியாக ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வேறாக இருக்கும். மக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கேனும் பரவலாகக் காணப்படும் வேறுபாட்டைப் ‘பல உரு’ என்று பொருள்படும் கிரேக்கத் தொடரால் பாலிமார்ஃபிசம் என்றழைப்பது பழைய வழக்கம். நம் பாடநூல் நடையில் அது ‘பல்லுருமை’ ஆகிறது. பொதுச்சொல்லாக நாளிதழ்கள் எழுதுவது ‘மரபணு மாறுபாடு’. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் ‘மாறுபாடு இல்லாத உண்டி’ என்று வருமிடத்தில், மாறுபாடு என்பது உடலோடு ஒவ்வாமையைக் குறிக்கிறது. முரண், பகை என்னும் சாயல் அச்சொல்லில் இன்றும் இருக்கிறது. ஊரில் பலருக்கு இருப்பதும், தன்னளவில் நோயல்லாததுமான ஓரெழுத்து வித்தியாசத்துக்கு அத்தனை கனமான சொல் வேண்டியதில்லை. ‘மரபணு வேறுபாடு’ போதும். வழிவழியாக வந்தது என்பதை அழுத்த வேண்டிய இடத்தில் ‘கால்வழி வேறுபாடு’ எனலாம். சிலர் ‘கருவழி’ என்று எழுதுகிறார்கள். அதைக் ‘கருவில் நேர்ந்தது’ என்று புரிந்துகொள்ள இடமிருப்பதால் தவிர்ப்பது நல்லது.

இதை வற்புறுத்தக் காரணம் உண்டு. ஈ.டி.வி 6, ரன்க்ஸ் 1 என்னும் இரு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்ளும் பிறழ்வு, குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகிவிடுகிறது. பிறந்தவுடன் குதிகாலில் குத்தித் தாளில் சேமித்த குருதித் துளிகளைப் பின்னாளில் எடுத்துப் பார்த்து பிரிட்டிஷ் ஆய்வாளர் மெல் கிரீவ்ஸின் குழுவினர் 1999இல் இதைக் காட்டினார்கள். இது கருவில் நேர்ந்தது, கால்வழி வந்ததன்று. பிறவியில் இருப்பதெல்லாம் பரம்பரை என்று நாம் பேச்சில் முடிவுகட்டிவிடுகிறோம். மேலும், இந்த ஒட்டுடன் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. பின்னர் வேறு பிறழ்வுகளும் சேர்ந்தால்தான் புற்று உருவாகிறது.

அப்படியானால் கால்வழி வேறுபாடுகளுக்கு இந்த நோயில் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் சிறிது. மரபுத்தொகுதி முழுவதையும் துழாவிய இரண்டு ஆய்வுகள் 2009இல் ஒரே சமயத்தில் வெளிவந்தன. ஐ.கே.இசட்.எஃப் 1, ஏ.ஆர்.ஐ.டி 5பி ஆகிய மரபணுக்களில் உள்ள பரவலான வேறுபாடுகள் நோய்க்கான இடரை ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் உயர்த்துவதாக அவை கண்டன. இவை வெள்ளணுக்கள் முதிர்ச்சியடையும் வழியை நெறிப்படுத்தும் மரபணுக்கள் என்பதால் தொடர்பு பொருள் பொதிந்தது. ‘இடர்’ என்ற சொல்லையும் இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். பதினைந்து வயதுக்குள் 2,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொண்டால், 1.6 மடங்கு என்பது 1,250இல் ஒருவர் என்றாகும். எஞ்சிய 1,249 குழந்தைகளும் அதே வேறுபாட்டோடு நலமாகவே வளர்வார்கள். ‘ஆபத்து ஒன்றரை மடங்கு’ என்று மட்டும் தலைப்பிட்டுவிட்டு அடிப்படை எண்ணைச் சொல்லாமல் விடுவதை நான் பொறுப்பற்ற செயல் என்றே கருதுகிறேன்.

டி.பி 53 போன்ற மரபணுக்களில் வலுவான பிறழ்வு வழிவழியாக வரும் குடும்பங்களும் உள்ளன, அவை அரியவை. டவுன் நோய்க்குறியோடு பிறந்த குழந்தைகளுக்கு இடர் பல மடங்கு அதிகம். அங்கும் 21ஆம் குரோமோசோம் கூடுதலாக அமைவது பெரும்பாலும் பரம்பரையால் அன்று. உறவுத் திருமணத்தைப் பொறுத்தவரை, இரு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் நோய்களுக்கு அது இடர்தான். குழந்தைகளுக்குப் பரவலாக வரும் வெண்குருதிப் புற்றுக்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. மாமன் மகளை மணந்தவர் அந்தப் பழியைத் தம் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

‘மாறுபாடு’ என்ற சொல்லே சரியாகப் பொருந்தும் இடமும் ஒன்று இந்த நோயில் இருக்கிறது. சிகிச்சையின் பராமரிப்புக் கட்டத்தில் குழந்தைகள் நாள்தோறும் உட்கொள்ளும் மெர்காப்டோபியூரின் என்ற மருந்தை கெர்ட்ரூட் எலியானும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கினார்கள்; 1988இல் நோபல் பரிசைப் பெற்றவர்களில் இவ்விருவரும் இருந்தனர். இம்மருந்தை உடல் கையாளும் விதத்தை டி.பி.எம்.டி, என்.யு.டி.டி 15 என்னும் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. என்.யு.டி.டி 15இன் ஒரு வேறுபாடு ஆசிய மக்களிடையே கூடுதலாகக் காணப்படுகிறது, இந்தியரிடமும் டி.பி.எம்.டி வேறுபாட்டை விட இதுவே மிகுதி. அதன் இரு பிரதிகளையும் பெற்ற குழந்தைக்கு வழக்கமான அளவில் மருந்து கொடுத்தால் வெள்ளணுக்கள் அபாயகரமாகக் குறைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு அளவே தாங்கும். மருந்தும் உடலும் மாறுபடுவது இங்கேதான்.

இவ்விரு மரபணுக்களைப் பார்க்கும் சோதனையின் முடிவைப் பெற்றோரிடம் சொல்லும்போது, இது நோய்க்குக் காரணமன்று, மருந்தின் அளவுக்குத்தான் காரணம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கால்வழி வேறுபாடு ஆதலால் உடன்பிறந்தவர்களுக்கும் அது இருக்கக்கூடும். அதனால் அவர்களுக்கு வெண்குருதிப் புற்று வரும் என்பதில்லை. மெர்காப்டோபியூரினையோ, உடலில் அதுவாகவே மாறும் அசாதியோபிரினையோ பிற்காலத்தில் எந்த மருத்துவராவது எழுதித்தரும் நிலை வந்தால் மட்டும் அதை அவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.