கேம் நடுவே ரீஸ்டார்ட்: சாம்பல் நிற வயரின் வேலை

பினாங்கில், பாயான் லெப்பாஸில் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து நான் கை கழுவுவதற்குள் அக்கா மகன் வந்து நின்றான். "மாமா, கேம் விளையாடினா கம்ப்யூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆகுது. படம் பார்த்தா ஒண்ணும் ஆகல."

புது கிராபிக்ஸ் கார்டு போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. சூடுதான் காரணம் என்று அவனே முடிவு கட்டி, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருந்தான்.

நம் ஊர் வெக்கைக்கு அந்தச் சந்தேகம் வருவது சகஜம்தான். ஆனால் சூட்டின் நடத்தை வேறு. சிபியு சூடேறினால் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல சிபியுக்களில் இது 95 முதல் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி நடக்கும். விளையாட்டு திக்கித் திணறும். அதையும் தாண்டினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும், பெரும்பாலும் அணைந்தபடியே கிடக்கும். இவனுடையதோ சட்டென்று இருண்டு, உடனே தானாக எழுந்துகொண்டது. கார்டின் வெப்பநிலையைப் பார்த்தேன்: 71 டிகிரி. விசிறியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டோம்.

அடுத்தது விண்டோஸ். பெரிய பிழையில் விண்டோஸ் நின்றுபோகும்போது காட்டும் நீலத்திரை வந்தால், தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் அதன் அமைப்பு முதலிலேயே இருக்கும். அதனால் சில நேரம் நீலத்திரையைப் படிக்கக்கூட முடியாது. அந்த அமைப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தோம், நீலத்திரையே வரவில்லை. மெமரி கோளாறு என்றால் பெரும்பாலும் நீலத்திரை வரும், அல்லது கேம் மட்டும் மூடிக்கொள்ளும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் "கெர்னல் பவர் 41" என்று சிவப்பில் ஒரு பதிவு இருந்தது. இதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். 'போன தடவை என்னை முறையாக நிறுத்தவில்லை' என்று விண்டோஸ் எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்பு அது, அவ்வளவுதான். அதற்குள் இருந்த பிழைக் குறியீடு 0. அதாவது, என்ன நடந்தது என்று குறித்துக்கொள்ளக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. அப்படியென்றால் முதலில் கேட்க வேண்டியது பவர் சப்ளையைத்தான்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவதோடு பவர் சப்ளையின் வேலை முடிவதில்லை. மதர்போர்டுக்குப் போகும் அகலமான இணைப்பில் எட்டாவது முனையைப் பாருங்கள். பழைய பவர் சப்ளைகளில் அது சாம்பல் நிற வயர்; இப்போது எல்லாமே கறுப்பாக வருகிறது. அதில் 5 வோல்ட் இருந்தால் 'என் பக்கம் எல்லாம் சரி' என்று பொருள். மதர்போர்டும் பவர் சப்ளையும் எப்படி இருக்க வேண்டும் என்று 1995-ல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அமைப்பில் இது உண்டு. (1972-லிருந்து பினாங்கில் ஆலை வைத்திருக்கும் அதே இன்டெல்தான்.) இந்தச் சைகை விழுந்த உடனே மதர்போர்டு எல்லாவற்றையும் நிறுத்தி, சைகை திரும்பியதும் முதலிலிருந்து தொடங்கும். மின்னழுத்தம் குறைந்த சிபியு தப்பாகக் கணக்குப் போட்டு அதை டிஸ்க்கில் எழுதிவிட்டால் இன்னும் மோசம் இல்லையா? அக்கா மகனைக் கடுப்பேற்றிய ரீஸ்டார்ட், அவனுடைய கோப்புகளைக் காப்பாற்றிய ரீஸ்டார்ட்டும்கூட.

சரி, கேமில் மட்டும் ஏன்? 300 வாட் இழுக்கும் கார்டுக்கு 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் வேண்டும். அது சராசரிக் கணக்கு. கல்யாணத்துக்கு மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, முதல் பந்தியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதுதான் சமையல்காரரைத் திணறடிக்கும். கேமில் ஒரு கதவு திறந்து பெரிய காட்சி விரியும்போது, சும்மா கிடந்த பகுதிகளெல்லாம் ஒன்றாக விழித்து, மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்குக் கார்டு இரண்டு மடங்குகூட இழுக்கலாம். அந்தப் பசியைப் பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்கள் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் 12 வோல்ட் அதன் 5 சதவீத எல்லையான 11.4-க்குக் கீழே சரியும், சைகை விழும். 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 இதற்காகவே, பவர் சப்ளை தன் வாட் அளவைப்போல் இரு மடங்கை ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்க வேண்டும் என்று சொல்கிறது.

கார்டை ஒரே சீராக வாட்டும் சோதனை மென்பொருளில் இவனுடைய கம்ப்யூட்டர் இருபது நிமிடம் அசையாமல் ஓடியதும் இதனால்தான். சோதனையில் எல்லாரும் ஒருமுறை உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி இருப்பார்கள். கேமில் பந்தி மாறிக்கொண்டே இருக்கும். மல்டிமீட்டரும் இங்கே உதவாது. நொடிக்குச் சில தடவைதான் அது எண்ணைப் புதுப்பிக்கும். மின்னழுத்தத்தின் கண நேர ஏற்ற இறக்கத்தையும் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லாத வீட்டில் ஒரு குறுக்கு வழி: கேமை நொடிக்கு 60 ஃபிரேமுக்குக் கட்டுப்படுத்தி, கார்டின் பவர் அளவை 70 சதவீதமாகக் குறைத்தேன். இரண்டு மணி நேரம் விளையாடினான். ரீஸ்டார்ட் இல்லை.

பெட்டிக்குள் பார்த்தால், கார்டின் இரண்டு எட்டுமுனைச் சாக்கெட்டுக்கும் ஒரே கேபிளின் இரு தலைகளைச் செருகியிருந்தான். தனித்தனிக் கேபிள் போட்டதும் தொல்லை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. 550 வாட் பவர் சப்ளை, ஏழு வயது. கெப்பாசிட்டருக்கு வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பார்கள். இதுவோ சாமி மேடைக்குப் பக்கத்தில், ஏழு வருஷச் சாம்பிராணிப் புகையைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஏர்கோன் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது விளக்கு மங்குகிற வீட்டில் இப்படி இளைத்துப்போன பவர் சப்ளைக்கு இன்னும் சிரமம்.

திறந்து கெப்பாசிட்டரை மாற்றலாமா என்று கேட்டான். வேண்டவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

கொம்தார் பக்கம் போய் 750 வாட்டில் புதியது வாங்கினோம். பழையதை நான் எடுத்து வந்தேன். கிராபிக்ஸ் கார்டே இல்லாத என் கம்ப்யூட்டரில், நூறு வாட்டைக்கூட எட்டாத வேலையோடு, ஒரு தடவையும் ரீஸ்டார்ட் ஆகாமல் அது ஓடிக்கொண்டிருக்கிறது.