படிப்பு ஏறவில்லையா? முதலில் கண்ணைப் பாருங்கள்

ஊர் ஊராகக் கண் பரிசோதனை முகாமுக்குப் போகிறவன் நான். படிக்கும் அட்டையை நீட்டியதும் "கண்ணாடி எடுத்துட்டு வரலை தம்பி" என்பார்கள் சில அம்மாக்கள். கண்ணாடியே இருக்காது. எழுத்து தெரியாது என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். அதனால் இப்போதெல்லாம் அட்டைக்கு முன்னால் ஊசியையும் நூலையும் கொடுத்துவிடுகிறேன்.

ஒருமுறை வந்த அம்மாவுக்கு 50 தாண்டியிருக்கும். வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்கள், புகுந்த வீட்டில் மாமியார் புத்தகத்தைத் தொடவிடவில்லை. மாமியார் காலமான பிறகு பேத்தியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை அடுப்படியில் வைத்து எழுத்துக்கூட்ட ஆரம்பித்து, இரண்டே மாதத்தில் விட்டுவிட்டார். "கவுக்கும் க்குக்கும் வித்தியாசமே தெரியலை தம்பி, இனிமே எனக்கெங்க படிப்பு ஏறப்போகுது."

ஏறாமல் இல்லை, புள்ளி கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளெழுத்து. நாற்பதை ஒட்டி கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போவதால் கிட்டத்தில் இருப்பது மங்கும், படித்தவர் படிக்காதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் வரும். பிளஸ் 2 பவர் கண்ணாடியைப் போட்டதும் ண, ன சுழியை விரலால் எண்ணிப் பார்த்தார். "வீட்டுல கேட்டா ஊசி கோக்கன்னு சொல்லிடுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன், வேறென்ன செய்ய?

வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி இப்படித்தான் கற்றார். படித்தால் பெண் விதவையாகிவிடுவாள் என்று நம்பிய 19ஆம் நூற்றாண்டு. வைணவ மகான் சைதன்யரின் வாழ்க்கையைச் சொல்லும் சைதன்ய பாகவதத்திலிருந்து ஓர் ஏட்டை எடுத்துச் சமையலறையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டே வாசிக்கப் பழகினார். பிற்பாடு தன் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார், 1876இல் வெளிவந்தது. ஆனால் ஒன்று, அந்த ஏட்டை ஒளித்தபோது அவருக்கு வயது 25 சுமார்தான். கிட்டத்தில் இருப்பது நன்றாகத் தெரிந்திருக்கும். நம் முதியோர் கல்வி வகுப்புகளுக்கு வருகிறவர்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள், அதுவும் வேலை முடித்து மாலை மங்கலில் உட்காருகிறவர்கள்.

ஆகவே வகுப்பெடுக்கும் தன்னார்வலர்களே, கரும்பலகையைப் படித்துவிட்டுப் புத்தகத்தில் மட்டும் தடுமாறினாலோ, புத்தகத்தைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தாலோ, "மண்டையில் ஏறாது" என்று முடிவுகட்டாதீர்கள். வெளிச்சத்துக்கு நகர்த்தி உட்காரவையுங்கள், அப்புறம் கண்ணைப் பரிசோதிக்க அனுப்புங்கள். கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியால் எழுத்து தெரிந்துவிடும், சரி, ஆனால் கண்புரையும் கண் அழுத்தமும் இருக்கிறதா என்று அது சொல்லாது.