எம்.பி.யிடம் வாயால் சொன்னது முறைப்பாடு ஆகாது

போன மாதம் சட்ட உதவி கேட்டு ஓர் அம்மா என்னிடம் வந்தார். முல்லைத்தீவு மாவட்டத்தில் குளத்தடிக் கிராமம் ஒன்று. (ஆளை அடையாளம் காணமுடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவருடைய பேர்மிட் காணியில் (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) ஒரு துண்டை அளந்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அறிவித்தலும் இல்லை, விசாரணையும் இல்லை. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் புதுத் தூண் நட்டு முட்கம்பி அடித்திருக்கிறது.

கொண்டுவந்த சொப்பிங் பையை என் மேசையில் கொட்டினார். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மனிக் பாம் முகாமில் கொடுத்த அட்டை, கணவரின் மரணச் சான்றிதழ், எழுத்து மங்கிப்போன பேர்மிட் போட்டோகொப்பி, கூப்பன் அட்டை. கூட வந்த பேரன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அரச அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் கூடும் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் எழும்பி நின்று அதிகாரிகளை ஏசுகிறார்.

"பிள்ளை, நான் சும்மா இருக்கேல்லை. எம்.பி.யிட்டை ஏழு தரம் போனனான். எனக்கு முன்னாலதான் அவர் போன் எடுத்துக் கதைச்சவர்" என்றார்.

எழுதிக் கொடுத்த கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை. வேலி அடித்து எவ்வளவு காலம்? பதினான்கு மாதம்.

அரச அதிகாரி ஒருவர் உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், அரசியலமைப்பின் 126ஆவது உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். ஒரே ஒரு மாதம். அந்த அம்மா ஏழாவது தடவையாக அந்த அலுவலக வாங்கில் காத்திருந்தபோது அந்தக் கெடு முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அதை அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டி வந்தது. இந்த வருடத்தில் இப்படி நான் சொல்லவேண்டி வந்த ஐந்தாவது ஆள் அவர். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

வன்னியில் எல்லோர் மனதிலும் ஊறிப்போன ஒரு நினைப்பு இருக்கிறது: எம்.பி.யிடம் சொன்னால் முறைப்பாடு செய்தாகிவிட்டது. படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஓய்வுபெற்ற அதிபர்கள்கூட. தயவுசெய்து இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

பாராளுமன்ற உறுப்பினர் எந்த அரச அதிகாரிக்கும் மேலதிகாரி இல்லை. பிரதேச செயலாளரையோ காணி உத்தியோகத்தரையோ கிராம அலுவலரையோ தண்டிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஒழுக்காற்று நடவடிக்கை அரசாங்க சேவை ஆணைக்குழுவிடம் இருக்கிறது. மாகாண உத்தியோகத்தர் என்றால் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம். எம்.பி. போன் எடுத்தால் அந்தப் பக்கம் இருப்பவர் "சரி சேர், பார்க்கிறேன்" என்பார். அந்த வார்த்தைக்குத் திகதி இல்லை, கோவை இலக்கம் இல்லை, கையொப்பம் இல்லை. ஆறு மாதம் கழித்து அதிகாரி இடமாற்றம் பெற்றுப் போவார். புதிதாக வந்தவரிடம் கேட்டால் அப்படி ஒரு விடயமே கந்தோரில் பதிவாகவில்லை என்பார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பதிவாகியிருக்காது.

ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டமும் அப்படித்தான். அது நீதிமன்றமும் இல்லை, பாராளுமன்றக் குழுவும் இல்லை. அங்கே ஓர் அதிகாரி ஏச்சு வாங்கியதைப் பார்த்தால் மனம் ஆறும், விளங்குகிறது. ஆனால் பிழையான கடிதத்தில் கையொப்பம் வைத்தவர் ஒருவர், மூன்று மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்து அந்தக் கதிரையில் இருந்து ஏச்சு வாங்குபவர் வேறொருவர். இதை எத்தனை தரம் பார்த்துவிட்டேன். வீடியோவைப் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் வேலி அப்படியே நிற்கிறது.

அப்படியென்றால் எம்.பி.யால் பயன் இல்லையா? நிறைய உண்டு. நாம்தான் தேவையில்லாததைக் கேட்கிறோம். அவர் பாராளுமன்றத்தில் ஒரு கேள்வியை எழுத்தில் கொடுத்தால் அமைச்சர் பதில் சொல்லவேண்டும், அந்தப் பதில் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் அச்சாகும். உங்கள் மனுவை அவர் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தால் அது பொதுமனுக் குழுவுக்குப் போகும், குழு அதிகாரிகளை அழைத்து விளக்கம் கேட்கலாம். அரச பணம் வீணானால் கோபா குழுவும் (அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு) கோப் குழுவும் (அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு) இருக்கின்றன. கோபா 1921இலிருந்து, கோப் 1979இலிருந்து இயங்குகிறது. அமைச்சின் செயலாளரையே முன்னால் இருத்திக் கேள்வி கேட்கும் இடம் அது. எல்லாமே ஒரு தாளில் இருந்துதான் தொடங்குகிறது. அதனால் எம்.பி.யிடம் போனால் "ஒரு கோல் எடுத்துவிடுங்கோ" என்று கேட்காதீர்கள். மனுவை எழுதிக்கொண்டு போய், "இதைச் சமர்ப்பித்து இலக்கத்தைத் தாருங்கோ" என்று கேளுங்கள். கிளிநொச்சி மக்கள் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டவர்கள். வன்னித் தேர்தல் மாவட்டம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும்தான். அதற்காக யாரிடம் போவது என்று குழம்பவேண்டாம், மனுவை எந்த உறுப்பினரும் சமர்ப்பிக்கலாம்.

நமக்கு இன்னொரு குறையும் இருக்கிறது. வட மாகாண சபை 2013 தேர்தலில் அமைந்தது, 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. மாகாணத் திணைக்களங்களைச் சபையில் வைத்துக் கேள்வி கேட்க மக்கள் தெரிந்தெடுத்த ஒருவரும் அன்றிலிருந்து இல்லை. சுகாதாரம், கல்வி, விவசாயம் எல்லாம் ஆளுநரின் கீழ் ஓடுகின்றன. கேட்கவேண்டிய சபை இல்லாதபோது கேட்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது. அதனால்தான் எழுத்து, எழுத்து என்று இவ்வளவு சொல்கிறேன்.

சரி, என்ன செய்வது?

பிழை நடந்தது தெரிந்த அன்றே திகதியைக் குறித்துவையுங்கள். அந்தக் கிழமைக்குள் கந்தோருக்குக் கடிதம் எழுதுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்திவையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வரவேண்டாம். எழுத்தில் கேட்டதும் அவர்கள் மறுத்ததும் கையில் இல்லாமல், "கடமையைச் செய்" என்று உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்பது மிகவும் கடினம்.

ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் போக வசதி இல்லையென்றால், அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடுங்கள். வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் போதாது. விசாரணை நடக்கிறது என்பதற்கான கடிதம் கையில் இருக்கவேண்டும், உச்ச நீதிமன்றம் அதைக் கேட்கிறது. இளம் சட்டத்தரணிகளும் இதைக் கவனியுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் இணைத்துவிட்டுப் போய் நிற்கவேண்டாம்.

அதிகாரியின் முடிவை இரத்துச் செய்யவோ அவரைக் கடமையைச் செய்ய வைக்கவோ நீதிமன்றத்தைக் கேட்கும் ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்ற கெடு இல்லை. ஆனால் தாமதித்தவரிடம் நீதிமன்றம் காரணம் கேட்கும். அரச காணிப் பிரச்சினை என்றால் இன்னொரு சிக்கல்: 2013இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு இதற்கு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போய்ப் பலனில்லை. கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றம்தான். பஸ் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கந்தோரில் என்ன நடந்தது என்றே தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் உள்ளது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே அதை எழுத்தில் பதியவேண்டும். பெற்றுக்கொண்டதற்கு உடனே எழுத்தில் அத்தாட்சி தரவேண்டும், 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "சண்டையில் எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று கந்தோரில் சொன்னால் அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சுலபமாகச் சொல்பவர்கள் அதற்குக் கையொப்பம் வைக்கமாட்டார்கள். லெட்ஜர் (காணிப் பதிவேடு) பிரதி மெல்ல வெளியே வரும்.

பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் பேசாமல் வாங்கி வைக்கவேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ்தான் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. திருப்பி அனுப்பித் தமிழில் கேளுங்கள்.

இலஞ்சம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பொய் முறைப்பாடு கொடுப்பதும் குற்றம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"எழுதிக் குடுத்தால் பகைச்சுப்போடுவினம், நாளைக்கு நிவாரணத்தையும் வெட்டுவினம்" என்று பயப்படுபவர்களைக் கோபிக்க எனக்கு மனம் வராது. போர்க்காலம் முழுக்க ஒரு கடதாசிக்காக வரிசையில் நின்ற சனம். ஆனால் நான் கண்ட வரையில், கோவையில் பெயரும் திகதியும் ஏறிய ஆளின் விடயத்தில்தான் கந்தோர் கவனமாக நடக்கும். ஐந்து பேருக்கு ஒரே பிரச்சினை என்றால் ஐந்து பேரும் தனித்தனியாக எழுதுங்கள்.

கந்தோரில் வேலை செய்யும் தம்பி, தங்கச்சிமாருக்கும் ஒரு வார்த்தை. "மேலே சொன்னதால் கையொப்பம் வைத்தேன்" என்று நாளைக்குச் சொல்லித் தப்பமுடியாது. மோசடியாலோ அசட்டையாலோ அரசுக்கு நட்டம் வந்தால் அதைப் பொறுப்பானவரிடமே அறவிட 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம் இடம் கொடுக்கிறது. மேலிடத்து உத்தரவை எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது.

அந்த அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். அடிப்படை உரிமை வழக்கு போய்விட்டது. பேர்மிட்டை இரத்துச் செய்வதென்றால் முதலில் அறிவித்தல், பிறகு விசாரணை, அதற்கு மேல் மேன்முறையீடு என்று காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. அது எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அதனால் ரிட் மனுவுக்கு முயற்சி செய்கிறோம். தகவல் கோரும் விண்ணப்பத்தைப் பேரனே என் மேசையில் இருந்து எழுதினான். போன திங்கள் அம்மா மீண்டும் வந்தார். பதிவுத் தபால் பற்றுச்சீட்டைப் பொலித்தீன் உறையில் போட்டு, ஈரம் படாமல் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருந்தார். பதினான்கு வேலை நாள் எப்போது முடியும் என்று கலண்டரில் வட்டம் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்திருக்கிறேன்.