நாற்பது வயதில் டேப் டான்ஸ்: ஓசை எழுப்பாத காலைக் கவனியுங்கள்

அடியில் உலோகத் தகடு பொருத்திய காலணியால் தரையில் தாளம் எழுப்பும் ஆட்டம் டேப் டான்ஸ். அந்த வகுப்பில் சேர்ந்த பெரியவர்கள் மூன்றாவது, நான்காவது வாரத்தில் பிசியோதெரபிக்கு வரும்போது பலரும் சொல்வது இது: “பழகினதெல்லாம் வலது கால்ல. வலிக்கிறது இடது கெண்டைக்கால்.” இதில் புதிர் ஒன்றும் இல்லை. வலது கால் காற்றில் ஆடியபடி தரையைத் தொட்டுத் தொட்டு ஓசை எழுப்புகிறது. அவ்வளவு நேரமும் உடம்பின் முழு எடையையும் தாங்குவது இடது கால்தான், அதுவும் முழங்கால் சற்று மடங்கி, எடை முன்பாதத்தின் மேல் சாய்ந்த நிலையில். பத்து நிமிடம் ஒரே பக்கம் ஷஃபிள் (பாதத்தை முன்னும் பின்னும் உரசும் அடி) பழகினால் இடது ஆடுசதைக்கு ஓய்வே இல்லாத பத்து நிமிடம் அது. சிறு வயதில் தொடங்கியவர்களுக்கு இந்தத் தாங்கும் பலம் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறியிருக்கும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் காலில் அதை எதிர்பார்க்க முடியாது.

தாளம் பெரியவர்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும். தசை பலமேற சில வாரங்கள் ஆகும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். அடிபடுவதெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

எந்தப் பாணியைக் கற்கிறோம் என்பதும் முக்கியம். இந்த ஆட்டம் அமெரிக்க மண்ணில் உருவானது. அங்கே அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் தாளமும், அயர்லாந்தின் ஜிக் ஆட்டமும், இங்கிலாந்தின் மரக்காலணி ஆட்டமும் ஒன்றோடொன்று கலந்தன. தென் கரோலினாவில் 1739இல் நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு, 1740இல் வந்த சட்டம் அடிமைகள் முரசு வைத்துக்கொள்வதைத் தடைசெய்தது. கையும் காலும்தான் தாளத்துக்கு மிஞ்சின. பின்னாளில் டேப் கலைஞர் பில் ராபின்சன் முன்பாதத்தில் நிமிர்ந்து நின்று, மிக லேசாகவும் துல்லியமாகவும் ஆடினார். அவர் பிறந்த மே 25ஆம் நாள்தான் அமெரிக்காவில் தேசிய டேப் நடன நாள். இன்னொரு டேப் கலைஞரான ஜான் பபிள்ஸ் குதிகாலையும் தரையில் இறக்கித் தாளத்துக்குக் கனம் கூட்டினார். முன்பாதத்திலேயே நிற்கும் பாணி கெண்டைக்காலையும் குதிநாணையும் (குதிகாலின் பின்புறத் தசைநாண்) அதிகம் வேலை வாங்கும். குதிகாலை அடிக்கடி இறக்கும் பாணியில் அவற்றுக்கு நடுநடுவே ஓய்வு கிடைக்கும். கெண்டைக்கால் பலவீனமாக இருந்தால் முதல் மூன்று மாதம் குதிகால் அடிகள் நிறைந்த பாடங்களைக் கேட்டு வாங்குங்கள். நல்ல ஆசிரியர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

சேரும் முன் வீட்டிலேயே மூன்று சோதனைகள் செய்து பார்க்கலாம். சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, முழங்கால் மடங்காமல் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு காலிலும் 10 முறையாவது வர வேண்டும். 5க்கு மேல் வரவில்லை என்றால் வகுப்புக்கு ஒரு மாதம் முன்பே இரண்டு கால்களாலும் சேர்த்து 15 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யத் தொடங்குங்கள். அடுத்தது கணுக்கால். வெறுங்காலுடன் சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலுக்கும் சுவருக்கும் 8 முதல் 10 செ.மீ. இடைவெளி விட்டு, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கணுக்கால் இறுகியிருக்கிறது. அப்படிப்பட்ட கால் இறங்கும்போது அதிர்ச்சியைச் சரியாக வாங்காது. மூன்றாவது, ஒற்றைக் காலில் 30 விநாடி தள்ளாடாமல் நிற்பது.

காலணி அன்றாடச் செருப்பு, ஷூ போல விரல் நுனியில் இடம் விட்டு இருக்கக் கூடாது. தொளதொளவென்று இருந்தால் அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் உள்ளே மடங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் அப்படிப் பிடித்த பாதத்தில் அடிப்பக்கம் வலிக்காமல் எப்படி இருக்கும்? முழுத் தோல் அடிப்பாகம், கயிறு கட்டும் வகை, ஓர் அங்குலம் அளவே உயர்ந்த குதி என்று வாங்குவது தொடக்கத்துக்கு நல்லது. அடியில் முன்பக்கம் ஒரு தகடும் குதியில் ஒரு தகடும் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் திருகாணிகளைத் தடவிப் பாருங்கள். ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தரை கீறிப்போகும், அதோடு தாங்கும் கால் அந்தப் புள்ளியில் வழுக்கும். பையில் ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவர் இருக்கட்டும். ஓசைக்காகச் சிலர் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பார்கள். முதல் ஆண்டில் உங்களுக்கு அது வேண்டாம்.

தரை விஷயத்தில் எந்தச் சமரசமும் கூடாது. கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸ், கிரானைட், மொசைக் எல்லாமே தகட்டுக்கு வழுக்கும், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத கடினத் தரையும்கூட. வீட்டில் பழக 4 அடிக்கு 4 அடி, 18 மி.மீ. கனப் பிளைவுட் பலகை போதும். அதன் அடியில் அழுத்தமான ரப்பர் விரிப்பு போடுங்கள். மெத்தென்ற பஞ்சு விரிப்பு போட்டால் பலகை ஆடும், கணுக்கால் பிசகும். பலகைக்குப் பளபளப்பான வார்னிஷ் அடிக்காதீர்கள். அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் தொந்தரவைச் சொன்னால் ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவில் பழகலாமே என்று தோன்றும். கூடாது. உரச வேண்டிய பாதம் தரையைப் பிடித்து நின்றுவிட, திருகலை முழங்கால் வாங்கிக்கொள்ளும். அதற்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் பழகுங்கள். முன்பாத அடி, குதி அடி, பிரஷ் (ஒரு பக்கமாக ஒரே உரசல்), ஷஃபிள் அனைத்தையும் உட்கார்ந்தே தெளிவாக்கிக்கொள்ள முடியும், தாங்கும் காலுக்கும் சுமை இல்லை. உட்கார்ந்து பழகுவதைச் சிறுபிள்ளை வேலை என்று பலர் விட்டுவிடுவது வருத்தம் தருகிறது. தொடக்கத்தில் இதைவிடப் பயனுள்ள பயிற்சி வேறில்லை.

இனி ஷஃபிள். முன்னே ஒரு உரசல், பின்னே ஒரு உரசல், இரண்டு ஓசை. கணுக்காலை வேண்டுமென்றே மேலும் கீழும் ஆட்டினால் ஓசை வரும் என்று நினைப்பதுதான் தொடக்கத் தவறு. அப்படிச் செய்யும்போது முன்பக்கத் தசை பாதத்தை ஓயாமல் இழுத்துப் பிடிக்கிறது, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எரிகிறது. தொடை சற்று உயர்ந்து, முழங்காலிலிருந்து கால் ஊசலாட, கணுக்கால் ஈரத்துணிபோலத் தொங்க வேண்டும். பாதம் போய்வரும் தூரம் ஒரு சாணுக்குள் அடங்கட்டும். ஓங்கி அடித்தால் ஓசை மங்கும், தொட்டு உடனே விலகினால்தான் தகடு கணீரென்று ஒலிக்கும். சிறுவயதில் பரதம் கற்றவர்களிடம் இது கூடுதல் சிக்கல். தட்டடவில் முழுப் பாதமும் தரையில் பதிய அடித்துப் பழகியிருப்பார்கள், அரைமண்டியில் முழங்கால் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். இங்கே முழங்காலும் பாதமும் நேர்முன்னே பார்க்க வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஒரு வரமும் உண்டு: ஜதி சொல்லத் தெரியும். ஷஃபிளுக்கு ‘தக’, ஷஃபிளோடு பால் சேஞ்சும் (முன்பாதத்தில் எடையைக் கால் மாற்றி வைக்கும் இரண்டு ஓசை) சேர்ந்தால் ‘தகதிமி’ என்று வாயால் சொல்லிப் பழகினால் ஓசைகளின் இடைவெளி சீராகும்.

ஸ்டேம்ப் (stamp), ஸ்டாம்ப் (stomp) என்ற இரண்டு அடிகளும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். ஸ்டேம்பில் பாதத்தை வைத்ததும் எடை அதன்மேல் மாறும். ஸ்டாம்பில் மாறாது, பாதம் அடித்துவிட்டு எழும். இந்த வேறுபாடு மனதில் பதியாதவர்தான் கோர்வையின் நடுவே தடுமாறி, எடை நிற்கும் காலையே தூக்கப் பார்த்துச் சரிகிறார். “இப்போது எடை எந்தக் காலில்?” என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக்கொண்டே மிக மெதுவாகப் பழகுவதுதான் வழி. மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். இரண்டு நிமிடம் இரு காலிலும் சீராக வந்தால் 5 கூட்டுங்கள். எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை கால் மாற்றுவது முதல் மாதம் முழுக்கக் கட்டாயம்.

வாரம் இரண்டு வகுப்பு, அதற்கு மேல் வீட்டில் இரண்டு நாள் பத்துப் பத்து நிமிடம். தொடக்கத்துக்கு அது போதும். குதித்து இறங்கும் அடிகளை மூன்று மாதத்துக்குப் பிறகு, ஒற்றைக் காலில் 15 முறையாவது குதிகால் தூக்க முடிந்தபின் தொடங்குங்கள். பிரசவத்துக்குப் பின் குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், இடுப்புத்தளப் பயிற்சியால் பெரும்பாலும் சரியாகும்.

பயிற்சிக்கு மறுநாள் கெண்டைக்கால் முழுவதும் பரவலாக வலித்து இரண்டு நாளில் போனால் அது வேலை செய்த வலி. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் அடியில் குத்தினாலும், குதிநாண் விறைத்து அழுத்தினால் வலித்தாலும் குதிப்பதை நிறுத்தி, நேரத்தைப் பாதியாக்குங்கள். முன்கால் எலும்பிலோ பாதத்தின் மேற்புறத்திலோ ஒரே விரல்நுனி அளவு இடத்தில் வலி, இரவிலும் வலி என்றால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும், எனவே ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரே காரணத்துக்காக ஆட்டத்தைத் தொடராதீர்கள். கெண்டைக்காலில் யாரோ கல்லால் அடித்ததுபோல் சட்டென்று வலித்து, விரல்நுனியில் நிற்க முடியாமல் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகள் வகுப்பு முடிந்ததும் காலுறையைக் கழற்றி இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வலிக்காது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போதும், முடித்த சில மாதங்கள் வரையிலும் குதிநாண் அறுபடும் ஆபத்து கூடுகிறது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் அதிகம். சிறுநீர்த் தொற்றுக்கு மாத்திரை எழுதும் மருத்துவரிடம் டேப் ஆடுகிறேன் என்று சொல்லுங்கள். அந்த நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து மட்டும் பழகுங்கள்.